கொரோனா காலத்தில் விமான கம்பெனிகள் போட்ட கணக்கு: கோவை தப்பியது எப்படி? சேலம் தவித்தது ஏன்?

கோவை:-

கொரோனா கட்டுப்பாடுகள் முடிந்து வருஷங்கள் ஓடிவிட்டன. பீளமேடு விமான நிலையத்தில் பழையபடி கூட்டம் அலைமோதுகிறது. ஆனால் 2020ல் நின்றுபோன விமானங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை என்பதுதான் பதில்.

சேலத்துக்கு இரண்டு வருஷத்துக்கும் மேல் ஒரு பயணிகள் விமானம் கூட எட்டிப் பார்க்கவில்லை. கோவை-கொழும்பு விமானம் நின்றது நின்றதுதான். ஆனால் கோவை-சிங்கப்பூர் விமானம் திரும்ப வந்தது. அதோடு இன்னொரு கம்பெனியும் அதே ரூட்டில் இறங்கிவிட்டது.

ஒரே மண்டலம், ஒரே நோய், ஒரே கட்டுப்பாடு. அப்படியிருந்தும் ஒரு ரூட் பிழைக்கிறது, இன்னொரு ரூட் சாகிறது. "ஆள் ஏறலை, நிறுத்திட்டாங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் அத்தனை சுலபம் இல்லை. அதுபற்றிய விவரம் வருமாறு:-

வானத்துக்கு பூட்டு

கொரோனாவுக்கு முன்பு கோவை விமான நிலையம் நல்ல வளர்ச்சியில் இருந்தது. 2018-19ம் ஆண்டில் சுமார் 30 லட்சம் பேர் வந்து போனார்கள். சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி, ஐதராபாத் என்று உள்நாட்டு விமானங்கள். வெளிநாட்டுக்கு ஷார்ஜா, சிங்கப்பூர், கொழும்பு.

2020 மார்ச் 22-ந்தேதி வெளிநாட்டு விமானங்களுக்கு மத்திய அரசு தடை போட்டது. மார்ச் 24-ந்தேதி நள்ளிரவோடு உள்நாட்டு விமானங்களும் நின்றன. அடுத்த இரண்டு மாதம் நாடு முழுக்க விமானங்கள் வரிசை கட்டி நின்றன.

உள்நாட்டு சேவை மே 25-ந்தேதி திரும்ப ஆரம்பித்தது. வழக்கமான வெளிநாட்டு சேவைக்கோ இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2022 மார்ச் 27-ந்தேதிதான் அந்தத் தடை முழுசாக விலகியது.

சும்மா நின்றாலும் வாடகை

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பைனான்ஸ் டியூ கட்டியே ஆகவேண்டும். விமான கம்பெனியும் அப்படித்தான். அவர்கள் பறக்கவிடும் விமானங்களில் பெரும்பாலானவை வாடகைக்கு எடுத்தவை. மாதம் பிறந்தால் வாடகை. பைலட், பணிப்பெண், மெக்கானிக் சம்பளம் தனி.

நாட்டிலேயே பெரிய கம்பெனியான இண்டிகோ 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்றே மாதத்தில் 2,844 கோடி ரூபாய் நஷ்டப்பட்டது. ஜூலையில் 10 சதவீத ஊழியர்களை வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தது. 2020-21 முழு ஆண்டு நஷ்டம் 5,800 கோடியைத் தாண்டியது.

இங்கேதான் ஒரு ஆச்சரியம். 2020 மார்ச் முடிவில் அந்தக் கம்பெனியிடம் இருந்தது 262 விமானம். ஒரு வருஷம் கழித்து 285! ஓட்டம் குறைந்த வருஷத்தில் விமானம் கூடியது எப்படி?

ஆர்டர் கொடுத்தது முன்பே. 2019 அக்டோபரில் மட்டும் 300 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் போட்டிருந்தார்கள். அவை வரிசையாக வந்து இறங்கின. ஏ320 நியோ என்ற புது ரகம் பழசைவிட சுமார் 15 சதவீதம் எரிபொருளை மிச்சம் பிடிக்கும். அதனால் பழைய ஏ320 விமானங்களை வாடகைக்கு விட்டவர்களிடமே திருப்பிக் கொடுப்பது, புதுசை இறக்குவது என்று கம்பெனி முடிவு எடுத்தது.

ஆக, கையில் காசு இருந்த கம்பெனி கொரோனா காலத்தை வண்டி மாற்றும் காலமாக ஆக்கிக்கொண்டது. காசு இல்லாத கம்பெனி மூச்சுத் திணறியது. கோவையும் சேலமும் வெவ்வேறு பாதையில் போனதற்கு முதல் காரணம் இதுதான். எந்த ஊர் எந்தக் கம்பெனியை நம்பி இருந்தது என்பதே அந்த ஊரின் தலையெழுத்தாகிவிட்டது.

மூன்றில் ஒரு பங்கு

மே 25-ந்தேதி சேவை ஆரம்பித்தபோது, வழக்கமான ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஓட்டலாம் என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. அது ஜூன் கடைசியில் 45 சதவீதம் ஆனது. செப்டம்பரில் 60, நவம்பரில் 70, டிசம்பரில் 80. அடுத்து இரண்டாவது அலை. 2021 ஜூன் 1-ந்தேதி மறுபடி 50க்கு இறக்கினார்கள். பிறகு 65, 72.5, 85 என்று ஏறி, 2021 அக்டோபர் 18-ந்தேதிதான் 100 ஆனது. கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் இந்த ஏற்ற இறக்கம்.

மூன்று விமானம் போன இடத்தில் ஒன்றுதான் போகலாம் என்றால் எந்த ஒன்றை விடுவது? கம்பெனிக்கு பதில் சுலபம். நிறைய பேர் ஏறும் ரூட், நல்ல விலை கிடைக்கும் ரூட். பெருநகரங்களுக்குத்தான் முதல் பந்தி.

டிக்கெட் விலையையும் அரசே நிர்ணயித்தது. 40 நிமிஷத்துக்குள் போகும் தூரத்துக்கு 2 ஆயிரம் முதல் 6 ஆயிரம் ரூபாய். மூன்று முதல் மூன்றரை மணி நேரப் பயணத்துக்கு 6,500 முதல் 18,600 ரூபாய். இந்த விலை வரம்பு 2022 ஆகஸ்ட் 31 வரை நீடித்தது. குறைந்தபட்ச விலை இருந்ததால் காசு இல்லாத சின்ன கம்பெனிகள் விலைப்போட்டியில் நசுங்காமல் தப்பின. ஆனால் 'ஆபர்' டிக்கெட்டுக்கு பழகிப்போன பயணிகளுக்கு பர்சு கரைந்தது.

கோவைக்கு கைகொடுத்தது எது?

இந்த நெருக்கடியிலும் கோவைக்கு விமானம் வந்துகொண்டே இருந்தது. அதற்கு ஒரு காரணம், வேறு வழி இல்லாதது. கோவையில் இருந்து சென்னைக்கு ரயில் 2020 செப்டம்பரில்தான் திரும்ப ஓடியது. மாவட்ட எல்லை தாண்ட இ-பாஸ். ஆஸ்பத்திரிக்கு போகிறவர்கள், வெளிமாநிலத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள், மில், பவுண்டரி, பம்ப் கம்பெனி மெஷினை சரிசெய்ய வரும் இன்ஜினியர்கள் என்று அவசரத்துக்கு ஓட வேண்டியவர்களுக்கு விமானமே கதி.

ஆனால் சென்னையிலேயே ஒரு முட்டுக்கட்டை இருந்தது. தொற்று அதிகம் என்பதால் ஒரு நாளைக்கு 25 விமானம் மட்டுமே சென்னைக்கு வரலாம் என்று தமிழக அரசு வரம்பு வைத்தது. வருகிற விமானம்தானே திரும்பிப் போகவேண்டும்? சென்னைக்கு வரத்து குறைந்தால், அங்கிருந்து மற்ற ஊர்களுக்கு கிளம்புவதும் தானாகக் குறையும். சென்னை போய் மாறிப் போகலாம் என்று நினைத்த கோவைக்காரர்களுக்கு அது பெரிய இடைஞ்சல்.

முதல் நாளே ஒரு அதிர்ச்சியும் காத்திருந்தது. மே 25-ந்தேதி சென்னையில் இருந்து கோவைக்கு இண்டிகோ விமானத்தில் வந்த ஒரு பயணிக்கு தொற்று உறுதியானது. அந்த விமானத்தை ஓட்டி வந்த குழுவினர் 14 நாள் பறக்கக்கூடாது என்று கம்பெனி நிறுத்தி வைத்தது. ஒரு பயணிக்கு தொற்று என்றால் பைலட் உள்பட ஒரு குழுவே இரண்டு வாரம் வீட்டில். விமானம் இருந்தும் ஓட்ட ஆள் கிடைக்காமல் போகலாம் என்பதையும் சேர்த்துத்தான் கம்பெனிகள் அன்று திட்டம் போட வேண்டியிருந்தது.

சேலத்தின் சோகம்

சேலம் கதை வேறு. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் உள்ள விமான நிலையம் பல வருஷம் பூட்டியே கிடந்தது. மத்திய அரசின் 'உடான்' திட்டத்தில் 2018 மார்ச் 25-ந்தேதி 'ட்ரூஜெட்' கம்பெனி சென்னைக்கு விமானம் விட்டது. இறக்கையில் விசிறி சுற்றும் ஏ.டி.ஆர். விமானம், சுமார் 70 சீட். ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான் என்பதால் பெரிய விமானம் அங்கே இறங்க வழியில்லை.

உடான் திட்டத்தில் பாதி சீட்டை அரசு சொல்லும் விலைக்குத்தான் விற்க வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு சுமார் 2,500 ரூபாய். அதனால் வரும் நஷ்டத்தை அரசு மானியமாக ஈடுகட்டும். அந்த ரூட்டில் வேறு கம்பெனி போட்டிக்கு வரவும் முடியாது. ஆனால் இந்தச் சலுகை எல்லாம் மூன்று வருஷத்துக்கு மட்டுமே.

2018 மார்ச்சுடன் மூன்றைக் கூட்டினால் 2021 மார்ச். சரியாக இரண்டாவது அலை தலைதூக்கிய நேரம்! சொந்தக் காலில் நிற்க வேண்டிய நேரத்தில் பயணிகள் இல்லை. கம்பெனிக்கோ பண நெருக்கடி. 2021 மத்தியில் சேலம் சேவை நின்றது. 2022 பிப்ரவரியில் ட்ரூஜெட் கம்பெனியே மொத்தமாக முடங்கியது.

விமான நிலையம் இருந்தது. ஓடுபாதை இருந்தது. ஓட்டத்தான் ஆள் இல்லை. வெள்ளிக்கொலுசு வியாபாரியும், ஜவ்வரிசி ஆலைக்காரரும், ஜவுளிக்காரரும் கோவைக்கோ பெங்களூருக்கோ காரில் போய் விமானம் ஏறினார்கள். அலையன்ஸ் ஏர், இண்டிகோ விமானங்கள் சேலத்துக்கு வந்தது 2023 அக்டோபரில்தான். அதுவும் மறுபடி உடான் சலுகையோடு, மறுபடி அதே ஏ.டி.ஆர். விமானம்.

சேலத்துக்கு பயணிகள் இல்லாமல் போய்விடவில்லை. ஒரே கம்பெனி, ஒரே ரகம், ஒரே ரூட், அதுவும் நாள் குறித்த மானியம் என்று நான்கு காலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. ஒன்று முறிந்ததும் எல்லாம் கவிழ்ந்துவிட்டது.

வெளிநாட்டு விமானத்துக்கு கடைசி பந்தி

வெளிநாட்டு சேவையில் கோவை பட்ட பாடு இன்னொரு ரகம். வழக்கமான சேவைக்கு தடை இருந்த இரண்டு வருஷமும், நாடுகள் தங்களுக்குள் பேசி 'ஏர் பப்பிள்' என்ற தற்காலிக ஏற்பாட்டில் விமானம் விட்டன. டெல்லியில் உட்கார்ந்து இரண்டு அரசுகள் பேசி முடிக்கும் விஷயம் இது. பட்டியலில் பெருநகரங்கள் முதலில் வரும். கோவை மாதிரி ஊர்கள் கடைசியில்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். கோவைக்கு 2007 வாக்கில் இருந்து வந்துகொண்டிருந்த சில்க்ஏர் கம்பெனியின் ரூட், 2019 கடைசியில் அதே குழுமத்தின் 'ஸ்கூட்' கம்பெனிக்கு மாறியது. மாறிய சில மாதத்திலேயே கொரோனா. சிங்கப்பூருக்கு உள்நாட்டு ரூட் என்று ஒன்றே கிடையாது. எல்லை மூடினால் மொத்தமும் குளோஸ். அந்தக் குழுமம் பங்குதாரர்களிடம் 880 கோடி சிங்கப்பூர் டாலர் திரட்டித்தான் உயிர் பிழைத்தது. விமானங்கள் பலவற்றை ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற பாலைவன ஊரில் கொண்டுபோய் நிறுத்தி வைத்தது. சில்க்ஏர் என்ற பெயரே பிறகு மறைந்துபோனது.

2021 நவம்பர் 29-ந்தேதி தடுப்பூசி போட்ட இந்தியர்களுக்கு சிங்கப்பூர் தனி வழி திறந்தது. அங்கே போய் அறையில் அடைந்து கிடக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சலுகை விமானங்கள் சென்னை, டெல்லி, மும்பையில் இருந்து மட்டும். கோவைக்கு இல்லை! மற்ற இந்திய ஊர்களுக்கு அந்த வழி திறந்தது 2022 மார்ச்சில்தான்.

ஷார்ஜா கதையும் அதேதான். 2021 ஏப்ரல் 24-ந்தேதி நள்ளிரவு முதல் இந்தியப் பயணிகளுக்கு ஐக்கிய அரபு நாடுகள் கதவை மூடின. ஆகஸ்டில் திறந்தபோது ஒரு நிபந்தனை. விமானம் ஏறுவதற்கு சில மணி நேரம் முன்பு விமான நிலையத்திலேயே 'ரேபிட் பி.சி.ஆர்.' பரிசோதனை செய்ய வேண்டும். அந்த மெஷின் இருக்கிற ஊரில் இருந்துதான் ஏற முடியும். லீவுக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு விசா தேதி ஓடிக்கொண்டிருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம். பரிசோதனை வசதியும் விமானமும் எங்கே கிடைக்கிறதோ அங்கே ஓட வேண்டிய நிலை.

கொழும்புக்கு 2017 ஜூலையில் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் கோவையில் இருந்து விமானம் விட்டது. கொழும்பு போய் மாறி கிழக்கு நாடுகளுக்கும், ஆஸ்திரேலியாவுக்கும் போக அது வசதியாக இருந்தது. கொரோனாவில் நின்றது. அடுத்து 2022ல் இலங்கையின் பொருளாதாரமே சரிந்தது. அந்தக் கம்பெனியிடம் என்ஜின் இல்லாமலே சில விமானங்கள் தரையில் நின்றன. இருக்கிற விமானத்தை லாபமான ரூட்டுக்கு அனுப்பினார்கள். கோவை கைவிடப்பட்டது.

பயணி இல்லை, சரக்கும் இல்லை

விமானம் நின்றால் பயணிக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைத்தால் தப்பு. கோவைக்கு வரும் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் சரக்கும் போகிறது. தனி சரக்கு விமானம் தினமும் வந்து நிற்கும் ஊர் இது இல்லை. ஆள் ஏறாவிட்டால் பெட்டியும் ஏறாது.

திருப்பூர் பனியன் பெரும்பாலும் தூத்துக்குடி வழியாக கப்பலில் போகிறது. ஆனால் பையருக்கு அனுப்பும் சாம்பிளும், தேதி நெருங்கிவிட்ட அவசர ஆர்டரும் விமானத்தில்தான் போக வேண்டும். இதற்கு சென்னை, பெங்களூரு, கொச்சி என்று லாரியில் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2020 கடைசியில் கன்டெய்னர் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. காலி பெட்டி கிடைக்காமல் கப்பல் வாடகை எகிறியது. வளைகுடாவுக்கு போகிற காய்கறி, பழம், பூவுக்கும் இதே கதி. பூவை நாளைக்கு அனுப்பலாம் என்று எடுத்து வைக்க முடியுமா?

விமான கம்பெனிகள் இதை வைத்தும் பிழைத்தன. பயணிகள் சீட்டிலேயே பெட்டிகளைக் கட்டி வைத்து பறந்தார்கள். இண்டிகோ பத்து விமானங்களை இப்படி சரக்குக்கு ஒதுக்கியது. ஸ்பைஸ்ஜெட் சரக்கிலேயே கவனம் செலுத்தியது. ஆனால் அந்த விமானங்களும் பெருநகரங்களைச் சுற்றியே ஓடின.

கூட்டம் வந்தது, கவலை தீர்ந்ததா?

கட்டுப்பாடு விலகியதும் கோவை வேகமாக எழுந்தது. 2022 மே மாதம் விஸ்தாரா வந்தது. 2024 ஜனவரி 1-ந்தேதி இண்டிகோ சிங்கப்பூருக்கு விமானம் விட்டது. 2024 ஆகஸ்ட் 10-ந்தேதி அபுதாபி ரூட்டும் சேர்ந்தது. 2023-24ல் பயணிகள் எண்ணிக்கை 29 லட்சத்தைத் தொட்டு, அடுத்த வருஷம் 30 லட்சத்தைத் தாண்டியது. கொங்கு மண்டலத்தில் ஏறுவதற்கு ஆள் இருக்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ஓட்டுகிற கம்பெனிகள் குறைந்துகொண்டே வருகின்றன. நாட்டு அளவில் கோ பர்ஸ்ட் 2023 மே மாதம் முடங்கியது. ஸ்பைஸ்ஜெட் பண நெருக்கடியில் சுருங்கியது. விஸ்தாரா 2024 நவம்பர் 12-ந்தேதி ஏர் இந்தியாவோடு இணைந்தது. கொரோனாவில் வண்டி மாற்றிக்கொண்ட இண்டிகோ, 2023 ஜூனில் மேலும் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் இன்று அந்த ஒரே கம்பெனியில்தான் பறக்கிறார்கள்.

இதன் விபரீதம் 2025 டிசம்பரில் தெரிந்தது. பைலட்களுக்கு ஓய்வு நேரத்தைக் கூட்டிய புது விதிக்கு இண்டிகோ தயாராகவில்லை. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. கோவையிலும் பயணிகள் கடும் அவதிப்பட்டார்கள். டிக்கெட் விலை தாறுமாறாக ஏற, 500 கிலோ மீட்டருக்குள் 7,500 ரூபாய், ஆயிரம் கிலோ மீட்டர் வரை 12 ஆயிரம் ரூபாய் என்று மத்திய அரசு மறுபடி உச்சவரம்பு வைத்தது. கம்பெனியின் ஓட்டத்தில் 10 சதவீதத்தைக் குறைக்கவும் உத்தரவு போட்டது.

விலை வரம்பு, ஓட்டத்தில் சதவீத வெட்டு. இரண்டும் கொரோனா காலத்து மருந்து. நோய் இல்லாமலே அதே மருந்து தேவைப்பட்டது என்றால் உடம்பில் கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டாமா? 2021ல் சேலம் ஒரு சின்ன கம்பெனியை நம்பி மாட்டிக்கொண்டது. இப்போது பல ஊர்கள் ஒரு பெரிய கம்பெனியை நம்பி நிற்கின்றன. கம்பெனி பெரிசு என்பதுதான் வித்தியாசம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியது என்ன?

விமான கம்பெனி லாபக் கணக்கு பார்ப்பதை குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கில் ஊர் அடிபடாமல் இருக்க மூன்று விஷயம் வேண்டும்.

முதலாவது, ஒப்பந்தம். எமிரேட்ஸ், பிளைதுபாய் போன்ற துபாய் கம்பெனிகள் கோவைக்கு வர விரும்பினாலும் வர முடியாது. துபாயோடு இந்தியா போட்ட ஒப்பந்தத்தில் கோவை பெயர் இல்லை. தொழில் அமைப்புகள் பல வருஷமாக கரடியாகக் கத்தியும் பலன் இல்லை. இந்திய கம்பெனி விரும்பினால் விடலாம். அப்படியென்றால் மறுபடி ஒன்றிரண்டு கம்பெனிகளின் தயவுதான்.

இரண்டாவது, ஓடுபாதை. கோவை ஓடுபாதை 2,990 மீட்டர். இதை சுமார் 3,800 மீட்டராக நீட்ட 627 ஏக்கர் நிலம் எடுக்கும் பேச்சு 2010 வாக்கில் ஆரம்பித்தது. நிலத்தின் பெரும்பகுதி விமான நிலைய ஆணையத்தின் கைக்கு வந்துசேரவே 2024, 2025 ஆகிவிட்டது. பெரிய விமானம் முழு பாரத்தோடு கிளம்ப முடிந்தால்தான் தூர நாட்டுக்கு நேரடியாக ஆளும் சரக்கும் போகும்.

மூன்றாவது, இரண்டாவது கம்பெனி. சிங்கப்பூர் ரூட்டில் இன்று இரண்டு கம்பெனி ஓட்டுகிறது. ஒன்று நின்றாலும் ஊர் நிற்காது. சேலத்துக்கும் அப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால், மானியம் முடிந்த அன்றே வானமும் மூடியிருக்காது. உடான் மாதிரி திட்டங்களில் மூன்று வருஷம் முடிந்த பிறகு என்ன என்ற கேள்விக்கு ஆரம்பத்திலேயே பதில் எழுதி வைக்க வேண்டும்.

அடுத்த தடை எப்போது, எந்த ரூபத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கும் கம்பெனிகள் இதே கணக்கைத்தான் போடும். எந்த ரூட்டை வெட்டலாம் என்று பட்டியல் எடுக்கும்போது கொங்கு மண்டலத்து ஊர்கள் மேலே இருக்கக்கூடாது. அதற்கான வேலையை விமானங்கள் நிறைந்து பறக்கிற இந்த நேரத்திலேயே எம்.பி.க்களும் தொழில் அமைப்புகளும் டெல்லியில் செய்து முடிக்க வேண்டும் என்பதே பயணிகளின் எதிர்பார்ப்பு.